ஸ்கேன் செய்த பத்திரம் நேரே கணினிக்குப் போய்ச் சேர

மலையகத்தில் பத்திரம் இல்லாமல் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரண்டு நாடுகளுக்குப் பங்கு பிரித்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் மிச்சமிருந்தவர்களின் நிலை சீராகத் தொடங்கியது. அதனால்தான் இன்றும் பல வீடுகளில் பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, பிரஜாவுரிமைப் பத்திரம், ஊழியர் சேமலாப நிதிக் கடிதம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு நகையைப் போலப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். பதிவேட்டில் ஒரு பெயர் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் இன்னொரு மாதிரியும் எழுதப்பட்டுவிட்டால், சேமலாப நிதிப் பணத்தை எடுக்கவே அலைய வேண்டும்.

இந்தப் பத்திரங்கள் வலப்பனைப் பக்கத்தில் தினமும் ஏதாவது ஒரு ஸ்கேனரின் கண்ணாடிமேல் வைக்கப்படுகின்றன. அது தோட்ட அலுவலகமாக இருக்கலாம், பாடசாலைக் காரியாலயமாக இருக்கலாம், தொழிற்சங்கக் கிளையாக இருக்கலாம், இராகலையிலோ உடப்புசல்லாவையிலோ உள்ள ஒரு கொமியூனிகேஷன் கடையாகவும் இருக்கலாம். பெரும்பாலான இடங்களில் வழக்கம் ஒன்றுதான். ஸ்கேன் செய்து பென்டிரைவில் ஏற்றி, அதைக் கணினியில் சொருகுவார்கள். அவசரமென்றால் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். பென்டிரைவ் வைரஸைக் காவித் திரிகிறது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குவதால் சிறிய எழுத்து மங்கிப் போகிறது, அடுத்தவர் அடையாள அட்டையும் கடைக்காரரின் போனிலேயே தங்கிவிடுகிறது.

இதைவிட நல்ல வழி இருக்கிறது. பிரின்டரில் பொத்தானை அழுத்தினால் பத்திரம் பிடிஎஃப் கோப்பாக நேரே கணினியின் ஒரு ஃபோல்டருக்குள் போய் விழும்படி செய்யலாம். இதற்கு இணையம் தேவையில்லை. மழைக்காலத்தில் சிக்னல் விழுந்து கிடந்தாலும், டேட்டா முடிந்துவிட்டாலும் இது நடக்கும். பிரின்டரும் கணினியும் ஒரே ரவுட்டரில் இருந்தால் போதும்.

உள்ளே என்ன நடக்கிறது

ஸ்கேன் முடிந்ததும் பிரின்டர் கணினியைத் தேடிப் போகிறது. "இந்தப் பெயர், இந்தப் பாஸ்வேர்ட், என்னை உள்ளே விடு" என்று கேட்கிறது. கணினி சரி பார்த்து உள்ளே விட்டால் கோப்பை ஃபோல்டரில் எழுதி வைத்துவிட்டுத் திரும்புகிறது. இந்த உரையாடலுக்கான மொழிதான் எஸ்எம்பி. 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தில் பேரி ஃபைகன்பாம் இதை உருவாக்கினார். மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது. விண்டோஸ் கணினிகள் ஒன்றுக்கொன்று ஃபோல்டரைப் பகிர்வது இன்றும் இந்த மொழியில்தான்.

ஆக, பிரின்டருக்கு நான்கு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்: கணினியின் முகவரி, ஃபோல்டரின் பெயர், பயனர்பெயர், பாஸ்வேர்ட். இந்த நான்கையும் சரியாக அமைத்துக் கொடுப்பதுதான் முழு வேலையும்.

உங்கள் பிரின்டரால் முடியுமா?

எல்லாப் பிரின்டராலும் முடியாது. வீட்டுப் பாவனைக்கான மலிவான இங்க்டேங்க் பிரின்டர்கள் பலவற்றில் "கணினிக்கு ஸ்கேன்" என்ற வசதி மட்டுமே இருக்கும். அதற்குக் கணினியில் அந்த நிறுவனத்தின் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அலுவலகப் பாவனைக்கான லேசர் இயந்திரங்களிலும் பெரிய போட்டோகொப்பி இயந்திரங்களிலும்தான் ஃபோல்டருக்கு நேரே அனுப்பும் வசதி பெரும்பாலும் உண்டு. வாங்குவதற்கு முன் விவரத்தாளில் எஸ்எம்பி என்றோ, நெட்வொர்க் ஃபோல்டருக்கு ஸ்கேன் என்றோ எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எஸ்எம்பி எத்தனையாவது பதிப்பு என்பதையும் கேளுங்கள். 2 அல்லது 3 வேண்டும். 1 மட்டும் என்றால் அந்த இயந்திரத்தை வாங்காதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

முதல் வேலை: முகவரி மாறாமல் இருக்கட்டும்

ரவுட்டர் தன்னோடு இணையும் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.20 போன்ற ஓர் எண்ணைத் தற்காலிகமாகக் கொடுக்கிறது. கரண்ட் போய் வரும்போது பல ரவுட்டர்கள் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்பதை மறந்துவிடும். முதலில் எழும்பும் கருவிக்கு முதல் எண் கிடைக்கும். நேற்று 20ஆக இருந்த கணினி இன்று 23ஆகிவிடும், பிரின்டரோ இன்னமும் 20ஐயே தேடிக்கொண்டிருக்கும். "நேத்து வரைக்கும் நல்லா போச்சே தம்பி, இன்னிக்கு போகலயே" என்ற முறைப்பாடு காற்றும் மழையுமாக இருந்த இரவுக்கு மறுநாள் வருமானால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

லயத்து வீட்டுக்கென்று இலக்கமோ முகவரியோ இல்லாமல், வந்த கடிதமெல்லாம் தோட்ட அலுவலகத்தில் தேங்கிக் கிடந்த கதை நமக்குத் தெரியும். நிலையான முகவரி இல்லாத கணினிக்கு அனுப்பும் ஸ்கேனும் அப்படித்தான் உரிய இடத்துக்குப் போய்ச் சேராது.

தீர்வு எளிது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைப் பிரவுசரில் திறந்து, அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற பகுதியில் இந்தக் கணினிக்கு எப்போதும் இந்த எண்தான் என்று பதிந்துவிடுங்கள். பிரின்டருக்கும் அப்படியே இன்னோர் எண்ணைக் கொடுங்கள். ரவுட்டரின் பக்கம் பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.8.1 என்ற எண்ணில் திறக்கும். சரியான எண் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்.

முடிந்தால் பிரின்டரைக் கேபிள் மூலம் ரவுட்டரில் இணையுங்கள். வைஃபையில்தான் இணைக்க வேண்டுமென்றால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பல பிரின்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும். வாடிக்கையாளருக்கென்று வைத்திருக்கும் கெஸ்ட் வைஃபையில் பிரின்டரைப் போட்டுவிடாதீர்கள். அதில் உள்ள கருவிகள் மற்றக் கருவிகளைப் பார்க்க முடியாதபடி ரவுட்டர் பொதுவாகத் தடுத்து வைத்திருக்கும்.

கணினியில் செய்ய வேண்டியது

ஒன்று, ஃபோல்டர். சி அல்லது டி டிரைவில் நேரடியாக ஒரு புதிய ஃபோல்டரை உருவாக்குங்கள். பெயர் ஆங்கில எழுத்தில், சுருக்கமாக, இடைவெளியில்லாமல் இருக்கட்டும். டெஸ்க்டொப்பிலோ டொக்கியூமன்ட்ஸிலோ வைக்க வேண்டாம். இப்போதைய விண்டோஸில் அவை ஒன்டிரைவோடு பிணைந்திருக்கக்கூடும். அப்படியிருந்தால் ஸ்கேன் செய்த ஒவ்வொன்றும் உங்கள் டேட்டாவைத் தின்றுகொண்டு இணையத்துக்கு ஏறும்.

இரண்டு, பிரின்டருக்கென்று தனிப் பயனர். இதைத்தான் பலர் தவிர்க்கிறார்கள், பிறகு கஷ்டப்படுகிறார்கள். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய், மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத ஒரு சாதாரணப் பயனரை உருவாக்கி, நல்ல நீளமான பாஸ்வேர்ட் ஒன்றைக் கொடுங்கள். அட்மின் அதிகாரம் வேண்டாம். நீங்கள் கணினியைத் திறக்கப் பயன்படுத்தும் நான்கு இலக்கப் பின் எண் இங்கே உதவாது. அது அந்தக் கணினிக்கு முன்னால் இருப்பவருக்கு மட்டும்தான், நெட்வொர்க் வழியாக வருபவரிடம் விண்டோஸ் பாஸ்வேர்டைத்தான் கேட்கும். உங்கள் சொந்தக் கணக்கைப் பிரின்டருக்குக் கொடுத்தால், நீங்கள் பாஸ்வேர்ட் மாற்றும் நாளில் ஸ்கேனும் நின்றுபோகும். அதைவிட மோசம், பிரின்டரின் நினைவகத்தில் உங்கள் கணக்கின் சாவியே கிடக்கும்.

மூன்று, அனுமதி. ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போய், ஷேரிங், பிறகு அட்வான்ஸ்ட் ஷேரிங் என்பதைத் திறந்து பகிர்வை இயக்குங்கள். அங்கே பெர்மிஷன்ஸ் பட்டியலில் "எவ்ரிவன்" என்று இருப்பதை நீக்கிவிட்டு, பிரின்டருக்காக உருவாக்கிய பயனரையும் உங்களையும் சேர்த்து "சேஞ்ச்" அனுமதி கொடுங்கள். வேலை இதோடு முடியவில்லை. பக்கத்தில் உள்ள செக்யூரிட்டி என்ற தாவலிலும் அதே பயனரைச் சேர்த்து "மொடிஃபை" கொடுக்க வேண்டும். விண்டோஸில் இந்த இரண்டு பூட்டும் தனித்தனி. நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். ஷேரிங்கில் அனுமதி கொடுத்துவிட்டு செக்யூரிட்டியை மறந்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

நான்கு, கதவு. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், உங்கள் இணைப்பு "ப்ரைவேட்" என்று இருக்கிறதா பாருங்கள். "பப்ளிக்" என்று இருந்தால் விண்டோஸ் வெளியிலிருந்து வரும் எவரையும் ஃபயர்வோலிலேயே நிறுத்திவிடும். கூடவே ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் என்பதையும் இயக்குங்கள். ஃபயர்வோலை மொத்தமாக நிறுத்திவிடும்படி யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

ஐந்து, தூக்கம். கணினி ஸ்லீப் நிலைக்குப் போய்விட்டால் பிரின்டருக்குப் பதில் சொல்ல ஆளில்லை. மின்சாரத்தில் இணைந்திருக்கும்போது தூங்கக் கூடாது என்று பவர் அமைப்பில் மாற்றுங்கள். மடிகணினி என்றால் மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அங்கேயே மாற்றலாம்.

பிரின்டரில் செய்ய வேண்டியது

பிரின்டரின் சின்னத் திரையில் எழுத்தெழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். பிரின்டரின் முகவரி எண்ணைக் கணினியின் பிரவுசரில் அடித்தால் அதன் அமைப்புப் பக்கம் திறக்கும். அட்மின் பாஸ்வேர்ட் கேட்கும். தொழிற்சாலையிலிருந்து வந்த பாஸ்வேர்டே இன்னமும் இருக்கிறதென்றால் இப்போதே மாற்றுங்கள்.

உள்ளே அட்ரஸ் புக் அல்லது ஸ்கேன் ப்ரொஃபைல் என்று ஒரு பகுதி இருக்கும். கம்பனிக்குக் கம்பனி பெயர்தான் மாறும், கேட்பது ஒன்றுதான். கணினியின் முகவரி என்ற இடத்தில் கணினியின் பெயரை விட எண்ணையே கொடுங்கள்; பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பதில்தான் பல பிரின்டர்கள் தடுமாறுகின்றன. ஃபோல்டர் என்ற இடத்தில் பகிர்வுப் பெயரை மட்டும் கொடுக்க வேண்டுமா, முழுப் பாதையையும் கொடுக்க வேண்டுமா என்பது இயந்திரத்தைப் பொறுத்தது. முழுப் பாதை என்றால் \\192.168.1.20\ என்று தொடங்கி அதன் பின்னால் பகிர்வுப் பெயர் வரும். கோடுகள் இடப்பக்கம் சாய்ந்தவை. இணைய முகவரியில் வரும் வலப்பக்கம் சாய்ந்த கோடுகள் அல்ல. போர்ட் கேட்டால் 445. பயனர்பெயரை மட்டும் கொடுத்துச் சரிவராவிட்டால், கணினியின் பெயர், ஓர் இடச்சாய்வுக் கோடு, பிறகு பயனர்பெயர் என்று கொடுத்துப் பாருங்கள்.

பிரின்டரின் தேதியும் நேரமும் சரியா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். உள்நுழைவைச் சரிபார்க்கும் முறையில் நேரமும் சேர்ந்திருப்பதால், கடிகாரம் பின்தங்கிய பிரின்டரைச் சில கணினிகள் ஏற்றுக்கொள்வதில்லை.

போகவில்லை என்றால் எங்கே பார்ப்பது?

பிரின்டர் திரையில் வரும் பிழைச் செய்தியை வாசிக்காமலே அழித்துவிடுகிறோம். பழுது எங்கே என்று அதுவே சொல்லிவிடும்.

இணைப்புக் கிடைக்கவில்லை என்றால் பிரின்டர் கணினியின் வாசல் வரைக்குமே வரவில்லை. முகவரி எண் மாறிவிட்டதா, கணினி தூங்குகிறதா, இணைப்பு பப்ளிக் என்று மாறிவிட்டதா என்று பாருங்கள்.

உள்நுழைவு தோல்வி என்றால் வாசலுக்கு வந்துவிட்டது, பெயரோ பாஸ்வேர்டோ பிழை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தைப் பாருங்கள். பாஸ்வேர்டில் விசேஷக் குறிகள் இருந்தால், அவற்றை ஏற்காத பிரின்டர்களும் உண்டு. எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்ட நீளமான பாஸ்வேர்டாக மாற்றிப் பாருங்கள்.

பாதை கிடைக்கவில்லை என்றால் பகிர்வுப் பெயரில் எழுத்துப் பிழை. எழுத அனுமதியில்லை என்றால் உள்ளே வந்துவிட்டது, ஆனால் இரண்டு பூட்டில் ஒன்று திறக்கவில்லை. பெரும்பாலும் அது செக்யூரிட்டி தாவல்தான்.

இவை எதிலும் பிடிபடாவிட்டால் இன்னொரு சோதனை இருக்கிறது. அதே ரவுட்டரில் உள்ள வேறொரு கணினியிலிருந்து, பிரின்டருக்குக் கொடுத்த அதே முகவரி, அதே பயனர்பெயர், அதே பாஸ்வேர்ட் வைத்து அந்த ஃபோல்டரைத் திறந்து, உள்ளே ஒரு சின்னக் கோப்பை உருவாக்கிப் பாருங்கள். அங்கேயும் முடியவில்லையென்றால் பிழை கணினியின் அமைப்பில். அங்கே முடிந்து பிரின்டரால் மட்டும் முடியவில்லையென்றால், இருவரும் பேசும் எஸ்எம்பி பதிப்பு பொருந்தவில்லை என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம்.

பழைய பிரின்டரும் புதிய விண்டோஸும்

எஸ்எம்பியின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வான்னகிரை என்ற கப்பம் கேட்கும் வைரஸ் உலகெங்கும் பரவியது. பிரித்தானியாவின் அரச மருத்துவமனைகள்கூட ஸ்தம்பித்தன. அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் முதல் பதிப்பை இயல்பாகச் சேர்ப்பதை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. 2024 ஒக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11 24எச்2 இன்னும் ஒரு படி மேலே போய், ப்ரோ, எடியூகேஷன், எண்டர்பிரைஸ் வகைகளில் ஒவ்வொரு உரையாடலுக்கும் டிஜிட்டல் கையொப்பம் வேண்டும் என்று கட்டாயமாக்கியது. பல ஆண்டுகள் நன்றாக ஓடிய பிரின்டர், கணினி மாற்றிய மறுநாள் ஸ்கேன் அனுப்ப மறுப்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால் பலரும் கணினி மாற்றும் காலம் இது.

கணினியில் முதல் பதிப்பை மீண்டும் இயக்கிவிட்டால் வேலை நடக்கும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நடக்கும்தான். ஆனால் வான்னகிரை நுழைந்த கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மற்றவர்களின் பத்திரங்களை அதே அறையில் அடுக்குவது சரியல்ல. முதலில் பிரின்டர் நிறுவனத்தின் தளத்தில் புதிய ஃபேர்ம்வெயர் இருக்கிறதா பாருங்கள். சில இயந்திரங்களுக்கு அதிலேயே இரண்டாம், மூன்றாம் பதிப்புக் கிடைத்துவிடும். இல்லாவிட்டால் பிரின்டரில் எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் வசதி இருந்தால் அதை உள் நெட்வொர்க்கில் மட்டும் பயன்படுத்தலாம். இணையத்துக்குப் போகாத ஒரு பழைய கணினியில் லினக்ஸும் சம்பாவும் போட்டு, அதையே ஸ்கேன் பெட்டியாக வைத்துக்கொள்ளலாம். அவுஸ்திரேலியாவில் அண்ட்ரூ ட்ரிஜெல் 1992இல் தொடங்கிய சம்பா, எஸ்எம்பி மொழி பேசும் ஓர் இலவச மென்பொருள். மின்னஞ்சலுக்கு ஸ்கேன் என்பதும் ஒரு வழி. ஆனால் அதற்கு இணையம் வேண்டும், ஜிமெயில் என்றால் பிரின்டருக்கென்று தனி ஆப் பாஸ்வேர்டும் எடுக்க வேண்டும்.

எப்படி ஸ்கேன் செய்வது?

பழைய பிறப்புச் சான்றிதழ்களைக் கவனியுங்கள். மடிப்பு விழுந்த மஞ்சள் தாள், வெளிறிய மையில் கையெழுத்து, ஓரத்தில் ஊதா முத்திரை. இதைக் கறுப்பு - வெள்ளை முறையில் ஸ்கேன் செய்தால் வெளிறிய எழுத்து காணாமலே போய்விடும். கலரில், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் எடுங்கள். அந்த அளவில் ஓர் ஏ4 தாள் 2480க்கு 3508 புள்ளிகளாகப் பதிவாகும், முத்திரையின் எழுத்தையும் வாசிக்கலாம். சாதாரணக் கடிதங்களுக்குச் சாம்பல் நிறமும் 200 புள்ளியும் போதும். பின்பக்கத்தையும் மறக்காமல் எடுங்கள். திருத்தக் குறிப்புகள் அங்கேதான் இருக்கக்கூடும்.

மடிந்த, கிழிந்த, ஈரம் பிடித்த தாளை மேலே உள்ள தானியங்கித் தட்டில் ஒருபோதும் போடாதீர்கள். மலைநாட்டுக் குளிரிலும் ஈரத்திலும் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உருளை இழுத்துக் கிழித்துவிட்டால் அந்தத் தாளுக்கு ஈடில்லை. கண்ணாடியில் வைத்தே எடுங்கள்.

வந்து சேர்ந்த பிறகு

மற்றவர்களின் பத்திரங்களை வைத்திருப்பவருக்குப் பொறுப்பு உண்டு. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. கடையென்றால் வாடிக்கையாளரின் கோப்பை வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். அலுவலகமோ பாடசாலையோ என்றால் பிரின்டர் கொடுக்கும் இலக்கப் பெயரிலேயே கோப்பை விட்டுவிடாமல், ஆண்டு - மாதம் - நாள் என்று தொடங்கிப் பத்திரத்தின் வகையையும் சேர்த்து அன்றன்றே பெயரிட்டு உரிய இடத்துக்கு நகர்த்துங்கள்.

வைத்திருக்க வேண்டியதற்கு இன்னொரு பிரதியும் வேண்டும், அது வேறொரு இடத்தில் இருக்க வேண்டும். 2007 ஜனவரியில் வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தையிலும் மண்சரிவு வந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மலைநாடெங்கும் மண் சரிந்தது. வீட்டோடு பத்திரப் பையும் மண்ணுக்குள் போனால், ஸ்கேன் பிரதி மூலப் பத்திரத்துக்கு ஈடாகாதுதான். ஆனால் பதிவு இலக்கம், தேதி, பதிவாளர் பிரிவு மூன்றும் அதில் தெளிவாக இருக்கும். பிரதேச செயலகத்தில் புதிய பிரதிக்கு விண்ணப்பிக்கும்போது தேடுவதற்குக் கொடுக்க வேண்டியவை அவைதான். கணினியும் அதன் வெளி ஹார்ட் டிஸ்க்கும் ஒரே மேசையில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே போய்விடும். அதனால் மாதம் ஒரு தடவையாவது பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிய ஒரு டிஸ்க்கில் பிரதி எடுத்து, வேறொரு கட்டடத்தில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. இதையெல்லாம் அமைத்துக் கொடுத்த தம்பியோ தங்கச்சியோ நாளைக்குக் கொழும்புக்கு வேலைக்குப் போய்விடக்கூடும். கணினியின் எண், பிரின்டரின் எண், பகிர்வுப் பெயர், பயனர்பெயர் நான்கையும் ஒரு தாளில் எழுதி அலுவலகக் கோப்பில் வையுங்கள். பாஸ்வேர்டைத் தனியாக, பொறுப்பானவரிடம் கொடுங்கள். பிழைச் செய்திகளைப் பார்த்து எங்கே தேடுவது என்பதை அலுவலகத்தில் இன்னும் இரண்டு பேருக்காவது சொல்லிக்கொடுங்கள். பத்திரத்துக்காக மூன்று தலைமுறை அலைந்த மக்களுக்கு, பத்திரத்தைக் கையாளும் இந்த அறிவும் ஊரிலேயே தங்க வேண்டும்.